பி.டி.எஃப். கிடைத்தால் போதுமா? ப்ராஜெக்ட் மாணவர்களுக்கு நூலகத்தில் ஒரு வகுப்பு

முதலாமாண்டு சேர்ந்த கையோடு நூலகத்தைச் சுற்றிக் காட்டும் அறிமுக வகுப்பால் பெரிய பயன் இல்லை. அப்போது மாணவர்களிடம் தேட வேண்டிய விஷயமே கிடையாது. இறுதியாண்டில் ப்ராஜெக்ட் தலைப்பு முடிவான அடுத்த வாரம்தான் சரியான நேரம். துறைத் தலைவரிடம் பேசி, இரண்டு மணி நேர வகுப்பாக இரண்டு வாங்கிவிட வேண்டும். முதலாவது ஆதாரங்களைத் தேடுவது, அடுத்தது அவற்றை நம்பலாமா என்று மதிப்பிடுவது, நடுவே ஒரு வார இடைவெளி. ஒரு பேட்சில் 25 பேருக்கு மேல் போனால் பின்வரிசை செல்போனுக்குள் போய்விடும்.

வகுப்புக்கு முன்பே முடிக்க வேண்டியது, கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் கணக்கு. கல்லூரி நூலகர் வழியாகத்தான் மாணவர் பெயரைப் பதிய முடியும். கடவுச்சொல் மின்னஞ்சலில் வரும். பலருக்கு அது ஸ்பேமில் கிடக்கும். வகுப்பில் உட்கார்ந்து அதைத் தேட ஆரம்பித்தால் முதல் அரை மணி நேரம் காலி. அதனால் பத்து நாள் முன்னதாகவே பதிந்துவிட்டு, ஏதாவது ஒரு கட்டுரையையாவது திறந்து பார்த்துவிட்டு வரச் சொல்கிறோம். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. அது தெரியாமல், பணம் கேட்கும் பக்கத்தைப் பார்த்ததுமே மூடிவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு.

முதல் வகுப்பில் எடுத்த எடுப்பில் கணினியைத் தொட விடுவதில்லை. 'மஞ்சளின் மருத்துவ குணங்கள் – ஓர் ஆய்வு' என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். இதை அப்படியே கூகுளில் ஒட்டினால் வீட்டு வைத்தியத் தளங்களும் யூடியூபும்தான் வரும். 'ஓர் ஆய்வு' என்ற வாலை வெட்டிவிட்டுத் தலைப்பைக் கேள்வியாக்கச் சொல்கிறோம். மஞ்சளில் எந்தப் பொருள்? எந்த நோய்க்கு? சோதித்தது மனிதர்களிடமா, எலிகளிடமா, கண்ணாடிக் குடுவையிலா? மஞ்சளில் உள்ள வேதிப்பொருளான கர்குமின், முழங்கால் மூட்டுத் தேய்மானம், மனிதர்களிடம் நடந்த சோதனை என்று மூன்று துண்டு கிடைத்தால் காகிதத்தில் மூன்று நெடுவரிசை போட்டு, ஒவ்வொன்றின் கீழும் மூன்று நான்கு மாற்றுச் சொற்களை எழுத வேண்டும். மஞ்சளுக்கு டர்மரிக், கர்குமின், தாவரப் பெயரான குர்குமா லாங்கா. இந்தக் காகிதத்தில் நாங்கள் கையெழுத்து போட்ட பிறகுதான் கணினி.

ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுபொறியான கூகுள் ஸ்காலரில் சொல்லித்தர வேண்டியவை கொஞ்சம்தான். இரு சொல் சேர்ந்து வர வேண்டுமென்றால் மேற்கோள் குறி. மாற்றுச் சொற்களுக்கு நடுவே 'ஆர்' (OR) என்ற ஆங்கிலச் சொல், பெரிய எழுத்தில். இடப்பக்கம் ஆண்டு வடிகட்டி. கட்டுரையின் கீழே 'சைட்டட் பை' என்பதைச் சொடுக்கினால் அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் வரும். மேலே உள்ள சிறு கட்டத்தில் டிக் அடித்தால் அவற்றுக்குள்ளேயே தேடலாம். இந்த டிக் கட்டம் ஒன்றைக் கற்றுக்கொண்டு போனாலே வகுப்புக்கு வந்தது வீண்போகாது. பணம் கேட்கும் கட்டுரை என்றால் 'ஆல் வெர்ஷன்ஸ்' பார்க்க வேண்டும். ஆசிரியரே எங்காவது இலவசப் பிரதி போட்டிருப்பார்.

தமிழ், வரலாறு மாணவர்களுக்குச் சிக்கல் வேறு. பழைய ஆங்கில ஆவணங்களில் திருநெல்வேலி 'டின்னவெலி', திருச்சி 'டிரிச்சினோபோலி', தூத்துக்குடி 'டூட்டிகோரின்'. இன்றைய எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடினால் ஒன்றுமே இல்லை என்று வந்துவிடுவார்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பு சிலவற்றில் தமிழ் எழுத்திலும், சிலவற்றில் ஆங்கில எழுத்திலும் பதிவாகியிருக்கும். இரண்டு விதமாகவும் தேட வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான பி.டி.எஃப்.பில் உள்ளே தேட முடியாது, நகலெடுத்தால் குப்பையாக வரும். ஷோத்கங்காவில் ஆய்வேடு இயல் இயலாகத் தனிக் கோப்புகளில் இருக்கும். மாணவர்கள் முடிவுரையை மட்டும் இறக்கிக்கொள்கிறார்கள். உண்மையில் முதலில் திறக்க வேண்டியது கடைசியில் இருக்கும் துணைநூற்பட்டியல். பதிப்பாண்டு இன்னொரு குழி. உ.வே.சா.வின் புறநானூற்றுப் பதிப்பு வந்தது 1894-ல்; கையில் இருக்கும் மறு அச்சின் ஆண்டை மட்டும் போட்டால் ஒரு நூற்றாண்டு தவறிவிடும்.

இரண்டாம் வகுப்புதான் கடினம். 'ஆசிரியர் யார், தேதி என்ன, நோக்கம் என்ன' என்று டிக் அடிக்கும் பட்டியலை நாங்கள் கைவிட்டுவிட்டோம். காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் போலி ஜர்னலின் தளம் அந்தக் கேள்வி எல்லாவற்றிலும் தேறிவிடும். ஐ.எஸ்.எஸ்.என். இருக்கிறதே என்பார்கள். அது வெறும் எட்டு இலக்க அடையாள எண், தரச் சான்று அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஜர்னல்களின் யு.ஜி.சி.-கேர் பட்டியலையும் 2025-ல் நிறுத்திவிட்டதால் 'லிஸ்டில் இருக்கா சார்' என்ற கேள்விக்கு இனி வேலை இல்லை. அந்தத் தளத்தை விட்டு வெளியே வந்து, புது டேபில் அதன் பெயரைத் தேடி, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வழி. மூன்று நாளில் பிரசுரம் என்று விளம்பரம் இருந்தால், கட்டுரையை யாரும் படித்துப் பார்க்கப்போவதில்லை என்று பொருள்.

இதை நடத்திக் காட்ட மஞ்சளே நல்ல சரக்கு. கர்குமின் பற்றிய கட்டுரைகளில் நூற்றுக்கணக்கில் மேற்கோள் பெற்று, பிறகு திரும்பப் பெறப்பட்டவை உண்டு. பி.டி.எஃப். பழைய பிரதியாக இருந்தால் அதில் அந்தத் தகவலே இருக்காது. கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணை வைத்து ஜர்னலின் சொந்தப் பக்கத்தைத் திறந்தால்தான் தலைப்புக்கு மேலேயே எச்சரிக்கை தெரியும். திரும்பப் பெற்ற கட்டுரைகளின் 'ரிட்ராக்ஷன் வாட்ச்' தரவுத்தளத்தை 2023-ல் டி.ஓ.ஐ. எண்களைப் பதியும் அமைப்பான கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஸொட்டீரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் கட்டுரைகளைச் சேர்த்து வைத்தால் அதுவே சிவப்பில் காட்டிக்கொடுக்கும். அடுத்து, 2017-ல் 'ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி'யில் வந்த கர்குமின் மீளாய்வைத் திறக்கச் சொல்கிறோம். கர்குமின் தானே ஒளிர்வதாலும் பல புரதங்களோடு கண்டபடி ஒட்டுவதாலும் ஆய்வுக்கூடச் சோதனையில் மருந்துபோல் பொய்க்கணக்கு காட்டும், உடலில் சரியாக உறிஞ்சப்படுவதும் இல்லை என்கிறது அது. மேற்கோள் எண்ணிக்கை அதிகம் என்பதற்காகக் கட்டுரை சரியாகிவிடாது என்று வாயால் சொன்னால் ஏறாது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரையையும் இந்த மீளாய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சாட்ஜிபிடி தரும் ரெஃபரன்ஸுக்குத் தனியாக இருபது நிமிடம். ஆசிரியர் நிஜம், ஜர்னல் நிஜம், கட்டுரை மட்டும் இல்லாதது: இதுதான் வழக்கமான ஏமாற்று. டி.ஓ.ஐ. திறக்கிறதா, திறந்தால் அதே தலைப்புதானா, அந்தத் தொகுதியில் அந்தப் பக்க எண் உண்டா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். டி.ஓ.ஐ. வேறொரு கட்டுரைக்குப் போவதும் உண்டு.

கடைசியாக ஒரு பக்கத் தாள் வாங்குகிறோம். அதில் பயன்படுத்தப்போகும் ஆதாரம் ஐந்து, படித்துவிட்டு ஒதுக்கியது மூன்று. ஒதுக்கியதற்கான காரணம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, 'பழசு' என்ற ஒற்றைச் சொல் செல்லாது. எடுத்த ஐந்தை நண்பனிடமிருந்து வாங்கிவிடலாம். ஒதுக்கிய மூன்றுக்குக் காரணம் எழுத, திறந்து படித்தே ஆக வேண்டும். அதனால் மதிப்பெண்ணில் பாதி அந்த மூன்றுக்குத்தான். தாளில் கைடு கையெழுத்திட்ட பிறகே முதல் இயலை எழுதத் தொடங்கலாம் என்று துறை ஒப்புக்கொண்டால்தான் இது நடக்கும்.