எல்லைக்கு அப்பாலிருந்து வந்த விலைப்பட்டியல்

எண்பதுகளின் நடுவில் போட்ஸ்வானாவின் தலைநகர் காபரோனியில், கட்டுமானப் பொருள் விற்கும் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தென்னாப்பிரிக்க எல்லை கூப்பிடு தூரம். தகரம், ஆணி, பெயிண்ட் என்று கடையில் இருந்த அனைத்தும் அங்கிருந்துதான் வரும். கடலில்லாத நாடு, 1910 முதல் அந்த நாட்டோடு ஒரே சுங்க ஒன்றியத்தில் கட்டுண்டு கிடந்தது. என் பாஸ்போர்ட்டோ தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது. அங்கே வெள்ளையர் ஆட்சி காட்டிய இனப் பாகுபாட்டை எதிர்த்து 1946லேயே அந்நாட்டோடு வர்த்தகத்தை முறித்துக்கொண்டது இந்தியா. அப்படியிருந்தும் காலை முதல் மாலை வரை நான் பதிவு செய்ததெல்லாம் ஜோகன்னஸ்பர்க் ரசீதுகளைத்தான். அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

1985 ஜூன் 14 அதிகாலை, தென்னாப்பிரிக்கப் படை எல்லை தாண்டி வந்து ஊருக்குள் வீடுகளைத் தாக்கியது. நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தளங்களை அழித்ததாகப் பிரிட்டோரியாவிலிருந்த தென்னாப்பிரிக்க அரசு சொன்னது. இறந்த 12 பேரில் ஆறு வயதுக் குழந்தையும் ஒன்று. அதன் பிறகு வந்த முதல் லாரியின் சரக்குச் சீட்டில் கையெழுத்துப் போட எங்கள் கிடங்குப் பொறுப்பாளர் அம்மாள் மறுத்துவிட்டார். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓட்டுநர் வெகுநேரம் வெயிலில் காத்திருந்தார். அவரும் கறுப்பினத்தவர்தான் என்பதால்தான் அம்மாள் கடைசியில் கையெழுத்திட்டார்.

அந்த ஓட்டுநர் தென்னாப்பிரிக்காவின் செபோகெங்கைச் சேர்ந்தவர். 1984 செப்டம்பரில் வாடகை உயர்வை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்ட, வால் பகுதியின் கறுப்பினத்தவர் குடியிருப்புகளில் அதுவும் ஒன்று. நிறவெறி அரசைப் பணியவைக்கத் தென்னாப்பிரிக்காமேல் பொருளாதாரத் தடை வந்தால் முதலில் அடிபடுவது கறுப்பினத் தொழிலாளிதான் என்று லண்டனிலும் வாஷிங்டனிலும் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அதையே அவரிடம் கேட்டேன். "பெரியவன் பள்ளிக்கூடம் போவதில்லை, ரா. வாடகை கட்டுவதை நாங்களேதான் நிறுத்தினோம். கஷ்டம் வரும் என்று தெரியாமலா செய்தோம்? தடை வேண்டாம் என்பவர்கள் எங்களைக் கேட்டா சொல்கிறார்கள்?" என்றார். 'ரா' என்பது அங்கே ஆண்களை மரியாதையாக விளிக்கும் சொல். இருவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்துக்கொள்வோம்.

குடியிருப்புகளில் பற்றிய தீ கணக்குப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்ததை அந்த ஆண்டே பார்த்தேன். ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் பல மாவட்டங்களில் நெருக்கடி நிலை. நாடு கொந்தளிப்பதைக் கண்ட அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி, அந்நாட்டுக்குக் கொடுத்திருந்த தன் குறுகிய காலக் கடன்களைப் புதுப்பிக்க மறுத்தது. மற்ற வங்கிகளும் பின்தொடர்ந்தன. ஆகஸ்ட் 15 அன்று டர்பனில் பேசிய அதிபர் போத்தா பெரிய சீர்திருத்தம் அறிவிப்பார் என்று உலகம் எதிர்பார்த்தது. அவர் விரலை நீட்டி மிரட்டியதுதான் மிச்சம். அந்நாட்டு நாணயமான ராண்ட் சரிந்தது. செப்டம்பர் முதல் தேதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதையே அரசு நிறுத்திவைத்தது.

அதுவரை மூன்று மாதத்துக்கு ஒரு விலைப்பட்டியல் அனுப்பிக்கொண்டிருந்த வியாபாரிகள் அதன்மேல் திருத்தச் சீட்டுகளைப் பின் குத்தி அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு சீட்டின் மேல் இன்னொரு சீட்டு. பிறகு விலையே இல்லாமல், 'சரக்கு அனுப்பும் நாளின் விலை' என்று மட்டும் முத்திரை வந்தது. நாளை என்ன விலை என்று சொல்ல அவர்களுக்கே தைரியம் போய்விட்டிருந்தது. எங்கள் கணக்கும் குழம்பியது; வீடு கட்டப் பணம் சேர்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால், தடை வேண்டாம் என்று கடைக்கு வந்த ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை.

1986 மே 19, சமரசம் பேச வந்த காமன்வெல்த் குழு தென்னாப்பிரிக்காவில் இருந்தபோதே காபரோனியையும், ஜிம்பாப்வே, சாம்பியா நாடுகளின் தலைநகரங்களான ஹராரே, லுசாகாவையும் தென்னாப்பிரிக்கப் படை தாக்கியது. சமரச முயற்சி அத்தோடு முறிந்தது. அக்டோபரில், அதிபர் ரீகனின் வீட்டோவையும் மீறி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் வங்கியான பார்க்லேஸ், தென்னாப்பிரிக்காவிலிருந்த தன் வங்கியின் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது. நாங்கள் பணம் அனுப்பிய அந்த வங்கியின் பெயர் ஃபர்ஸ்ட் நேஷனல் என்று மாறியது. கிளைகளும் ஊழியர்களும் அப்படியே இருந்தார்கள். அதனால் பெயர் மாற்றத்தை நான் வெற்றியாக எண்ணவில்லை. புதுக் கடன் கொடுக்க ஆளில்லாமல் போனதுதான் அந்த அரசின் கழுத்தைப் பிடித்தது. வங்கிக்காரர்களுக்கு அந்த அச்சத்தை ஊட்டியது, செபோகெங்கில் வாடகை கட்ட மறுத்தவர்கள்.