எட்டரை மணிக் கணக்கு

காலை எட்டு இருபது ஆகிவிட்டால் எங்கள் வீட்டில் என்னிடம் யாரும் எந்த வேலையும் சொல்வதில்லை. அடுப்பில் பால் பொங்கினாலும், வாசலில் கீரைக்காரம்மா நின்று குரல் கொடுத்தாலும், அந்த நேரத்தில் நான் மாடிப்படியில்தான் இருப்பேன் என்பது அவர்களுக்குத் தெரியும். கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலைக்குக் கிட்டத்தட்ட அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். முந்தைய இரவு ஒரு சொட்டுக்கூட விழவில்லை என்று நன்றாகத் தெரிந்திருந்தாலும் ஏறிப் பார்த்து, குடுவையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒன்றுமில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, கைபேசியில் "கன்னங்குறிச்சி 0.0" என்று தட்டிவிட்ட பிறகுதான் எனக்கு இரண்டாவது காப்பி இறங்கும்.

என்னைப் போல மழை அளக்கும் கிறுக்குப் பிடித்தவர்கள் மேட்டூரிலிருந்து தலைவாசல் வரை இருபத்து மூன்று பேர் ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் இருக்கிறோம். பெரும்பாலானவர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. பெயரைவிட ஊர்தான் எங்களுக்குப் பழக்கம். "வாழப்பாடி டீச்சர் இன்னும் வரக் காணோமே," "ஓமலூர் தம்பிக்கு ராத்திரி நல்ல இடியாமே" என்றுதான் பேச்சு நடக்கும். நான் அங்கே கன்னங்குறிச்சி அண்ணன். சில சமயம் வெறும் கன்னங்குறிச்சி.

ஏன் எட்டரை மணி என்று புதிதாகச் சேருபவர் ஒவ்வொருவரும் கேட்பார். முந்தைய நாள் காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை பெய்வதைத்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு நாள் மழையாகக் கணக்கிடுகிறது; உலகப் பொது நேரப்படி அது சரியாக அதிகாலை 3 மணி. ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரே நனைந்த மழை திங்கட்கிழமைக் கணக்கில்தான் ஏறும். இதை ஒப்புக்கொள்வதற்குள் புதியவர்கள் படும் பாடு சொல்லி முடியாது. "நேற்றுப் பெய்ததை இன்று பெய்ததாக எழுதினால் அது பொய்க் கணக்கு அல்லவா" என்று ஆத்தூரிலிருந்து ஒருவர் ஒரு வாரம் வழக்காடினார். அவர் இப்போது மற்றவர்களைத் திருத்துகிறார்.

கணக்கைத் தொகுத்து அட்டவணை போடுபவர் வாழப்பாடி டீச்சர். அவர் வைத்த சட்டங்கள் இரண்டே இரண்டு. காலை வணக்கத்துக்குப் பூப்படம் அனுப்பக் கூடாது என்பது ஒன்று. மழை இல்லாவிட்டாலும் 0.0 என்று எழுதியே தீரவேண்டும் என்பது மற்றொன்று. வெற்றுக் கட்டம் வேறு, சுழியம் வேறு என்பது அவருடைய உறுதியான கருத்து. ஒருவர் எழுதாமல் விட்டால் அங்கே மழை பெய்யவில்லை என்று பொருளாகாது, யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். 2024 ஏப்ரலில் சேலத்தில் வெயில் 40 டிகிரியை நாள் தவறாமல் தாண்டிக்கொண்டிருந்தபோது, இருபத்து மூன்று பேரும் காலையில் எழுந்து வரிசையாக இருபத்து மூன்று சுழியங்களை அனுப்பிக்கொண்டிருந்தோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த 0.0-க்குப் பின்னால்தான் பேச்சு முளைக்கும். கிணறு எத்தனை அடி இறங்கியது, மாங்காய் பிஞ்சிலேயே உதிர்கிறதா, பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா என்பதெல்லாம் அந்தச் சுழியத்தைத் தொற்றிக்கொண்டுதான் வரும்.

குழுவில் மூத்தவர் ஏற்காட்டில், ஊரைத் தாண்டி ஒரு காப்பித் தோட்டத்தில் இருக்கும் ஐயா. சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில் என்பார்கள். தோட்டக்காரர்களின் மழைக் கணக்கும் அந்தக் காலத்து வாசனையோடு அப்படியே நிற்கிறது. நாங்கள் மில்லிமீட்டரில் எழுத, ஐயா இன்றைக்கும் இஞ்சிலும் சென்டிலும்தான் எழுதுவார். ஒரு இஞ்சுக்கு நூறு சென்ட். "1 இஞ்ச் 15 சென்ட். பனி இறங்கியிருக்கிறது" என்று அவர் எழுதுவதற்கும், அதன்கீழ் "29.2" என்று சிவதாபுரத்துத் தம்பி மாற்றிப் போடுவதற்கும் இடையே ஒரு நிமிடம்கூட ஆகாது. மில்லிமீட்டருக்கு மாறச் சொல்லி டீச்சர் ஒருமுறை பணிவாகக் கேட்டார். "என் அப்பாவின் நோட்டில் இஞ்ச்தான் இருக்கிறது, அம்மா. நடுவில் நான் மாற்றினால் அவர் கணக்கும் என் கணக்கும் பேசிக்கொள்ளாது" என்று ஐயா பதில் எழுதினார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சிவதாபுரத்துத் தம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டோடு சேர்ந்த சிறிய வெள்ளிப் பட்டறை அவருடையது, கொலுசு செய்கிறார். அவரிடம் மழைமானி கிடையாது, தராசு இருக்கிறது. வாய் 16 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு புனலை ஒரு பிளாஸ்டிக் கேனில் செருகிக் கூரைமேல் கட்டி வைத்திருக்கிறார். அந்த வாயின் பரப்பு ஏறக்குறைய 201 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கேனில் 20 கிராமுக்குச் சற்று மேல் தண்ணீர் சேரும். காலையில் கேனைத் துணியால் துடைத்து, கொலுசு நிறுக்கும் மின்தராசில் வைத்து, காலிக் கேனின் எடையைக் கழித்து, மீதியை 20.1-ஆல் வகுத்து அனுப்புவார். வெளிப்பக்கம் ஒரு துளி ஒட்டியிருந்தாலும் மறுபடி துடைப்பார். அரை கிராம் வெள்ளிக்குப் பதில் சொல்லியே பழகிய கை அல்லவா! கடையில் விலை கொடுத்து வாங்கிய என் மானியைவிட அவருடைய கணக்கின்மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

என் மானிமேல் எனக்கு நம்பிக்கை குறைந்ததற்குக் காரணம் உண்டு. அதே ஏப்ரலில் ஒரு நாள் காலை குடுவையில் தண்ணீர் பளபளத்தது: 11.4 மில்லிமீட்டர். கை நடுங்கியது என்று சொன்னால் மிகையில்லை. உடனே அனுப்பினேன். "கன்னங்குறிச்சிக்கு மட்டும் அடித்தது யோகம்" என்று ஓமலூர் எழுதியது. கோடை மழை தெருவுக்குத் தெரு மாறும், ஒரு பேட்டையில் வெள்ளமும் அடுத்த பேட்டையில் புழுதியுமாக இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டீச்சர் மட்டும், "அண்ணா, கொட்டிவிடாதீர்கள். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள்" என்று எழுதினார். வைத்துப் பார்த்தேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் அதே சப்பென்ற உப்பு. விடியற்காலையில் மோட்டாரை நிறுத்த மறந்ததில் மேல்தொட்டி நிரம்பி, வழியும் குழாயிலிருந்து காற்றோடு சிதறிய தண்ணீரைத்தான் நான் மழை என்று ஊருக்கு அறிவித்திருந்தேன். பக்கத்தில் இருக்கும் எந்தத் தடுப்பின் உயரத்தைப் போலவும் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளித்தான் மழைமானியை வைக்க வேண்டும் என்பது பால பாடம். நான் அதைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே, காற்றில் சாயாமல் இருக்கட்டும் என்று முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். அன்றே இடம் மாற்றினேன். அட்டவணையில் அந்த நாளுக்கு எதிரே டீச்சர் "0.0 (தொட்டி)" என்று எழுதி வைத்தார். இன்றும் அது அப்படியே இருக்கிறது. சாரல் அடிக்கும் நாட்களில் நான் அளவை அனுப்பியதும், "நாக்கில் வைத்துப் பார்த்தாயிற்றா?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் விடுவதில்லை.

பூப்படத்துக்குத் தடை என்றேன். அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. மார்ச்சிலோ ஏப்ரலிலோ மலையில் ஒரு நல்ல மழை விழுந்து, எட்டுப் பத்து நாட்கள் கழித்துக் காப்பிச் செடிகள் ஒரேயடியாகப் பூக்கும். கிளை தெரியாமல் வெள்ளை அப்பிக்கொள்ளும். அந்த மழையைத் தோட்டக்காரர்கள் பூ மழை என்பார்கள். அது தவறினால் அந்த வருடக் காப்பியே தவறிய மாதிரிதான். ஐயா அன்றைக்கு ஒரு படம் அனுப்புவார், கூடவே அளவு. மல்லிகையைப் போன்ற அந்த மணம் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி எங்கள் கைபேசிக்குள் வந்துவிட்டதாக நாங்களும் பாவனை செய்துகொள்வோம். சித்திரை பிறந்ததும் பஞ்சாங்கத்தில் இந்த வருடம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, நிலத்துக்கு இவ்வளவு என்று போட்டிருப்பதை டீச்சர் எடுத்து எழுதுவதும் வழக்கம். மரக்காலை மில்லிமீட்டராக்கும் கணக்கைச் சிவதாபுரம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்தால் தீர்ந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். அது வலுவிழந்தபடியே மெதுவாக மேற்கே நகர்ந்து எங்கள் பக்கத்து மலைகளின்மேல் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2-ஆம் தேதி காலைக் கணக்கில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர். ஒரே நாளில் 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அதி கனமழை என்பது வானிலைத் துறையின் வரையறை என்று சொன்னால், 50 என்பதன் கனம் விளங்கும். அன்று காலை எட்டரைக்கு நான் குடையோடு மாடியில் நின்றபோது மலை இருந்த இடத்தில் மலையே தெரியவில்லை. வாழப்பாடி வந்தது, ஓமலூர் வந்தது, ஆத்தூர் வந்தது. "சிவதாபுரம் 98.4" என்று வந்தது; வழக்கம்போல வேறொரு சொல்லும் இல்லாமல். ஏற்காடு மட்டும் வரவில்லை.

ஒன்பது, ஒன்பதரை, பத்து. ஐயாவின் கைபேசிக்கு அழைப்பு போகவில்லை. மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து வண்டிகள் ஏறவில்லை என்ற செய்தி வந்தது. மற்ற குழுக்களில் என்னென்னவோ படங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் குழுவில் ஒருவரும் அவற்றை அனுப்பவில்லை. அட்டவணையில் ஏற்காட்டின் கட்டத்தை டீச்சர் வெறுமையாகவே விட்டிருந்தார். மறுநாளும் வெறுமை. தோட்டத்தில் ஐயாவும் அவர் மனைவியும் மட்டும்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே யாரும் அதை எழுதவில்லை.

4-ஆம் தேதி காலை, சரியாக 8.30-க்கு, மூன்று வரிகள் வந்தன.

"1-ஆம் தேதி 5 இஞ்ச் 62 சென்ட்.
2-ஆம் தேதி 9 இஞ்ச் 10 சென்ட்.
3-ஆம் தேதி 8 சென்ட். இன்று இல்லை."

அதன்கீழே சிறு விளக்கம். மின்சாரமும் இல்லை, கைபேசிக்கு அலையும் இல்லை. குடுவை ஐந்து இஞ்ச்தான் பிடிக்கும் என்பதால், வழிந்துவிடாமல் இருக்க இரவு பதினோரு மணிக்கும் பின்னர் மூன்று மணிக்கும் டார்ச்சோடு போய் அளந்து கொட்டிவிட்டு வந்திருக்கிறார். எழுபத்தாறு வயது. அம்மா சத்தம் போட்டாராம்.

ஒரு நிமிடத்தில் சிவதாபுரம் எழுதியது: "142.7. 231.1. 2.0. இன்று 0.0. எழுதிக்கொள்ளுங்கள் டீச்சர்."

எங்களுக்கு எல்லாம் கேட்பதற்கு நூறு இருந்தது. அதற்குள் ஐயாவே முந்திக்கொண்டார். "தம்பி, உங்கள் பகுதியில் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வருமே. பட்டறைக்குள் வந்ததா?"

அந்த மூன்று நாட்களில் மலையையே பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது.

"முழங்கால் வரைக்கும் ஐயா. தராசைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். திங்கட்கிழமை ஏணியில் நின்றுதான் எடை போட்டேன்."