டிபக்கர் எந்த ஃபோல்டரில் நிற்கிறது?

மட்டக்களப்பில் சி மொழி படிக்கிற பெடியன்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன டிபக்கர், அதாவது புரோகிராமில் பிழை தேட உதவுகிற கருவி, எழுதி வருகிறோம். ஜிடிபி (GDB) என்கிற பிரபல டிபக்கர் மாதிரிப் பெரிசில்லை, ஒரு புரோகிராமை ஓடவிட்டு, நிறுத்தி, மாறிகளைப் பார்க்கிற அளவுதான். போன கிழமை அதில் 'இப்ப எந்த ஃபோல்டரில் நிற்கிறோம்' என்பதைக் கவனிக்கிற பகுதியைப் பிரித்துப் போட்டுத் திரும்ப எழுதினோம். கோட் பாதியாகக் குறைந்துவிட்டது. எனக்கு அதில் சரியான சந்தோசம்.

வேலை தொடங்க முதல் ஜிடிபியின் மூலநிரலை எடுத்து வாசித்தோம். அதில் நிற்கிற இடத்தின் பெயரை ஒரு குளோபல் மாறியில், அதாவது எல்லா ஃபங்ஷனும் தொடக்கூடிய மாறியில், ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) வைத்திருக்கிறார்கள். சிடி (cd) என்று இடம் மாறுகிற கட்டளை கொடுத்தால் முதலில் கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம், சொல்லி உண்மையிலேயே இடம் மாறுகிறது, பிறகு தன் கையிலுள்ள ஸ்ட்ரிங்கைத் தானே வெட்டி ஒட்டுகிறது. ஒற்றைப் புள்ளி (இதே ஃபோல்டர்) வந்தால் அதைத் தூக்கிவிடும், இரட்டைப் புள்ளி (மேல் ஃபோல்டர்) வந்தால் அதற்கு முன்னால் இருக்கிற பெயரையும் சேர்த்து அழித்துவிடும்.

சிம்லிங்க், அதாவது வேறொரு இடத்தைச் சுட்டுகிற குறுக்குவழிப் பெயர், இல்லாத வரைக்கும் இதில் ஒரு பிரச்சினையும் இல்லை. '/வீடு/பாடம்' என்பது '/தரவு/2024/பாடம்' என்ற ஃபோல்டருக்குப் போகிற லிங்க் என்று வைப்போம். '/வீடு'க்குள் நின்று 'பாடம்' ஃபோல்டருக்குப் போய், அங்கிருந்து இரட்டைப் புள்ளி போட்டு மேலே வாருங்கள். கெர்னல் '/தரவு/2024'இல் நிற்கும், ஸ்ட்ரிங்கோ '/வீடு' என்று சொல்லும். ஜிடிபி எழுதியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் நிற்கிற இடத்தைக் காட்டுகிற பிடபிள்யூடி (pwd) கட்டளை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் இரண்டு பாதையையும் அச்சிடுகிறது. லினக்ஸில் கட்டளை தட்டுகிற பாஷ் ஷெல்லும் நாம் தட்டிய பெயரைத்தான் காட்டும், ஆனால் அது முதலில் பெயரைக் கணக்குப் பார்த்து அந்த இடத்துக்கே போய் நிற்பதால் சொல்லும் செயலும் ஒன்றாக இருக்கும்.

நாங்கள் அந்த வெட்டி ஒட்டுகிற லூப்பையே எடுத்துவிட்டோம். இடம் மாறின உடனே கெட்சிடபிள்யூடி (getcwd) என்ற ஃபங்ஷன் மூலம் கெர்னலைக் கேட்கிறோம், அது சொல்கிற முழுப் பாதையை வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். பயனர் தட்டிய அழகான பெயர் போய்விடுகிறது, உண்மைதான், ஆனால் படிக்கிற பிள்ளைக்கு அழகான பெயரை விட ஃபைல் எங்கே இருக்கிறது என்ற சரியான பதில்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். நிற்கிற ஃபோல்டரையே வேறு யாரும் அழித்துவிட்டால் லினக்ஸில் கெட்சிடபிள்யூடி பிழை தரும். அப்போது பழைய பாதையைப் பிடித்துக்கொண்டு இருக்காமல், 'இந்த ஃபோல்டர் இப்போது இல்லை' என்று நேரே சொல்லிவிடுகிறோம்.

இதைவிடப் பெரிய குழப்பம் வேறொன்று. கல்லடியில் இருந்து வருகிற ஒரு பெடியன் கேட்டான், "அண்ணா, மார்க்ஸ் ஃபைல் அங்கதானே இருக்கு, ஏன் இல்லையெண்டு சொல்லுது?" அவனுடைய ஃபைல் இருந்தது புரோகிராம் இருக்கிற ஃபோல்டரில், டிபக்கர் நின்றதோ வேறு ஃபோல்டரில். டிபக்கர் ஃபோர்க் செய்து, அதாவது தன்னைப் பிரதி எடுத்து, பிறப்பிக்கிற புரோகிராம், டிபக்கர் நிற்கிற இடத்திலேயேதான் பிறக்கும். தேடுவதும் அங்கேதான்.

ஆக டிபக்கர் நிற்கிற இடம் ஒன்று, புரோகிராம் ஓட வேண்டிய இடம் இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே மாறியில் வைக்கவே கூடாது. ஜிடிபியில் இதற்கென்றே 8.1 பதிப்பில், 2018இல், 'செட் சிடபிள்யூடி' (set cwd) என்ற கட்டளை வந்தது. ஃபோர்க் ஆன பிறகு, அப்படிப் பிறந்த பிள்ளைப் புரொசஸுக்குள் மட்டும் இடம் மாற்றுவார்கள், டிபக்கர் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். நாங்களும் அப்படியே செய்தோம். மூன்றாவதாக, கம்பைல் செய்த இடமும் இருக்கிறது. அது கம்பைலர் டிபக்கருக்காக விட்டுச்செல்கிற டுவார்ஃப் (DWARF) தகவலுக்குள் எழுதப்பட்டிருக்கும், வந்தாறுமூலையில் கம்பைல் செய்ததைப் பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவந்தால் சோர்ஸ் ஃபைல் கிடைக்காமல் போவது அதனால்தான்.

கடைசியாகத் த்ரெட், அதாவது ஒரே புரொசஸுக்குள் ஒரே நேரத்தில் ஓடுகிற தனித்தனி வேலை இழை. ஒரு புரொசஸின் எல்லாத் த்ரெட்டுக்கும் நிற்கிற இடம் ஒன்றுதான். பின்னணியில் ஒரு த்ரெட் டுவார்ஃப் வாசித்துக்கொண்டிருக்கும்போது பயனர் சிடி போட்டால், அந்த த்ரெட் திறக்கப் போகிற 'பாடம்.சி' என்ற பெயர் பாதியில் வேறு ஃபோல்டரைக் குறிக்கத் தொடங்கிவிடும். அதனால் பாதை திறக்கிற எந்த ஃபங்ஷனும் இனிக் குளோபலைத் தொடாது. வேலை தொடங்கும்போது நின்ற ஃபோல்டரை ஒரு ஆர்கியூமென்டாக (உள்ளீடாக) வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகும். இந்த மாற்றத்துக்குத்தான் அதிக நேரம் போனது, அழைக்கிற இடமெல்லாம் தேடித்தேடித் திருத்த வேண்டியிருந்தது. சோர்ஸ் தேடுகிற பகுதியில் இன்னும் இரண்டொரு இடம் பாக்கி, வருகிற சனிக்கிழமை பெடியன்களோடு இருந்து அதையும் முடித்துவிடுவோம்.