தீம் மேலே போகும், டேட்டா கீழே வரும்

சென்னையில் வெப்சைட் வேலை பார்ப்பவர்களுக்கு ஆனி பிறந்தாலே நெருக்கடிதான். தி.நகர் ஜவுளிக்கடையாக இருந்தாலும் புரசைவாக்கம் பாத்திரக்கடையாக இருந்தாலும், ஆடித் தள்ளுபடிக்குள் புது டிசைன் லைவுக்கு, அதாவது வாடிக்கையாளர் பார்க்கும் தளத்துக்கு, வந்தாக வேண்டும். அந்த அவசரத்தில் டெவ்வின், அதாவது டெவலப்பர் வேலை பார்க்கும் நகல் தளத்தின், டேட்டாபேஸை அப்படியே தூக்கி லைவில் போட்டுவிடுகிறார்கள். டெவ்வுக்குக் காப்பி எடுத்த நாளிலிருந்து லைவில் விழுந்த ஆர்டர்கள் அத்தனையும் அதோடு போச்சு.

வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் மென்பொருளில் தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது தீம் (தோற்றம்), ப்ளக்இன் (கூடுதல் வசதி) ஃபைல்கள் மட்டும்தான் டெவ்விலிருந்து மேலே லைவுக்குப் போக வேண்டும். டேட்டா லைவிலிருந்து கீழே டெவ்வுக்கு வர வேண்டும். சிக்கல் என்னவென்றால், தீமின் செட்டிங்குகளும் டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. லோகோ, மெனு இடம், நிறங்கள் எல்லாம் ஆப்ஷன்ஸ் டேபிளில், தீம் ஃபோல்டரின் பெயரைச் சேர்த்த ஒரே வரியில் கிடக்கும். லைவில் ஏற்றும்போது ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் 'புதுசு' என்று ஒட்டினால் வேர்ட்பிரஸ் அதை வேறு தீமாகவே எடுத்துக்கொள்ளும். லோகோவைக் காணோம் என்று கடைக்காரர் போன் செய்வது பெரும்பாலும் இதனால்தான்.

புத்தம்புதுத் தளம் என்றால் டேட்டாபேஸையும் முழுசாக ஏற்றலாம். ஆனால் டேட்டாபேஸை இறக்கி வைத்த எஸ்க்யூஎல் ஃபைலை எடிட்டரில் திறந்து பழைய முகவரியைப் புதியதாக மாற்றக் கூடாது. செட்டிங்குகள் சீரியலைஸ் ஆகி, அதாவது ஒரே வரியாகக் கோர்க்கப்பட்டு, ஒவ்வொரு எழுத்துத்தொடருக்கு முன்னாலும் அதன் நீளம் பைட் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். 22 பைட் லோக்கல்ஹோஸ்ட் முகவரி இருந்த இடத்தில் 27 பைட் முகவரி வந்தாலும் முன்னால் 22 என்றே நிற்கும். வேர்ட்பிரஸை ஓட்டும் பிஎச்பி மொழி அந்த வரி முழுவதையும் தள்ளிவிடும். எரர்கூடக் காட்டாமல் விட்ஜெட்டுகள் மறையும். வேர்ட்பிரஸின் கமாண்ட்-லைன் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரிப்ளேஸ் நீளத்தையும் திருத்திவிடும். முதலில் டிரை-ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டு எத்தனை இடம் மாறுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பதிவின் நிரந்தர அடையாளம் இருக்கும் ஜியுஐடி பத்தியை (column) விட்டுவிடச் சொல்லுங்கள்.

தமிழ்த் தளத்துக்கென்று தனியாக ஒரு தலைவலி உண்டு. பக்கத்தின் முகவரியில் தலைப்பிலிருந்து உருவாகும் பகுதியான ஸ்லக்குக்கு 200 இடம்தான். தமிழில் ஒரு குறியீட்டுக்கே 9 இடம் போய்விடும்; புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனிக் கணக்கு. 'ஆடித்தள்ளுபடியில் பட்டுப்புடவைகள்' என்ற தலைப்பின் ஸ்லக் 'ஆடித்தள்ளுபடியில்-பட்டு' என்பதோடு வெட்டுப்படும். தலைப்பைப் பார்த்து எக்செல்லில் ரீடைரக்ட் பட்டியல் (பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுவது) போட்டால் நிறைய இடத்தில் 404, அதாவது 'பக்கம் இல்லை', தான். டேட்டாபேஸில் உள்ள ஸ்லக்கையே எடுங்கள். இனிமேல் போடும் பக்கங்களுக்காவது ஸ்லக்கை ஆங்கிலத்தில் சின்னதாக வைப்பது நல்லது. தமிழ்ப்பற்று தலைப்பில் இருக்கட்டும்.

விண்டோஸ் லேப்டாப்பில் எக்ஸ்ஏஎம்பிபி (சொந்தக் கம்ப்யூட்டரையே சர்வராக்கும் மென்பொருள்) வைத்துச் செய்த தீம் என்றால் ஃபைல் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைச் சரிபாருங்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் விடாது. டெவ்வில் டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்க்யூஎல் 8, ஹோஸ்டிங்கில் 5.7 என்று இருந்தால் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) தெரியவில்லை என்று இம்போர்ட் நிற்கலாம். முகப்பு மட்டும் திறந்து மற்றதெல்லாம் 404 என்றால், செட்டிங்ஸில் உள்ள பெர்மாலிங்க் (பக்க முகவரி அமைப்பு) பக்கத்தில் ஒருமுறை சேவ் அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

லைவ் டேட்டாவை டெவ்வுக்கு இறக்கும்போது முதல் வேலை மெயிலை நிறுத்துவது. இல்லையென்றால் உங்கள் டெஸ்ட் ஆர்டருக்கான மெசேஜ் யாரோ ஒரு மயிலாப்பூர் வாடிக்கையாளருக்குப் போகும். புதுத் தளத்துக்கு டேட்டாபேஸை முழுசாக ஏற்றினால், டெவ்வில் தேடுபொறிகளைத் தடுக்கப் போட்ட டிக்கும் அதோடு லைவுக்கு வந்துவிடும். ரீடிங் செட்டிங்ஸில் போய் அதை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.