சட்டையைத் தூக்கிப் பாருங்க

பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு மூணு மாசம். ரெண்டு நாளா சளி. "பனிக்காலம்னா வரத்தானே செய்யும்"னு ஆயா துளசிச் சாறு கொடுத்துக்கிட்டிருந்தாங்க. நான் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுது. ரெண்டு வாய் பால் உறிஞ்சுறா, விட்டுடுறா. செல்போன்ல நேரம் வச்சு மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு 68.

எங்க மலை ஊர்ல 108-க்குப் போன் அடிக்கணும்னாகூட சிக்னல் தேடிப் பாறை மேட்டுக்கு ஏறணும். எப்படியோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துட்டோம். இப்போ ஆக்சிஜன்ல இருக்கா. இன்னைக்குக் காலைல கொஞ்சம் பால் குடிச்சா.

ஆர்.எஸ்.வி.ங்கிற வைரஸாம். நமக்கு வந்தா பெரும்பாலும் வெறும் ஜலதோஷம். கைக்குழந்தைக்கு அந்தச் சின்ன மூச்சுக்குழாய் வீங்கி அடைச்சுக்குது. 2019-ல மட்டும் உலகம் முழுக்க அஞ்சு வயசுக்குட்பட்ட பிள்ளைங்க ஒரு லட்சத்துக்கும் மேல இதுல போயிருக்காங்கன்னு கணக்குப் போட்டிருக்காங்க. நூத்துக்கு 97 சாவு நம்மள மாதிரி நாடுகள்ல. நாலுல மூணு ஆஸ்பத்திரிக்கு வெளியே! அந்த வீடுகள்ல "சளி முத்திப் போச்சு"ன்னு சொல்லிப் புதைச்சிருப்பாங்க. நினைச்சாலே வயிறு எரியுது.

இந்த வைரஸ்ல இருந்து குழந்தையைக் காப்பாத்தக் கர்ப்பிணிகளுக்குப் போடுற தடுப்பூசிக்கு அமெரிக்காவுல 2023-லயே அனுமதி கொடுத்தாச்சு. எங்க ஊர்க் கர்ப்பிணிகளுக்கு அது எப்போ இலவசமா கிடைக்கும்?

கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க முழுசா ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்க. ரெண்டு மாசத்துக்குள்ளன்னா 60, ஒரு வயசுக்குள்ளன்னா 50. அதைத் தொட்டா, நெஞ்சு உள்ள இழுத்தா, பால் குடிக்கலைன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே கிளம்புங்க.