ஓபோவுக்குத் தண்ணீரில் கண்டம்

ஐரோப்பாவில் ஒரு குளிர்கால ஒத்திகை. ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் ஓபோக்காரரையே, அதாவது நாகசுவரம் போலச் சீவாளி வைத்து ஊதும் மரக்குழல்காரரையே பார்க்கிறது. அவர் ஊதும் ‘ஏ’ என்ற சுரத்தைப் பிடித்துத்தான் மற்றவர்கள் சுருதி சேர்க்க வேண்டும். கச்சேரிக்கே பிள்ளையார் சுழி அவர்தான். கால் மணி நேரம் கழித்து மெதுவான சோலோ வருகிறது. கேட்பவர் உருக வேண்டிய இடத்தில் ஓபோவுக்குள்ளிருந்து ‘கொளகொள’வென்று யாரோ வாய் கொப்புளிக்கிற சத்தம்.

பக்கத்து நாற்காலிக்காரர் எச்சில் என்று நினைத்து முகம் சுளிப்பார். பாவம், அதில் பெரும்பகுதி எச்சிலே இல்லை. சூடான மூச்சு குளிர்ந்த கட்டையில் பட்டு வேர்க்கிறது. ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வேர்க்கும், ஓபோ உள்ளே வேர்க்கும், அவ்வளவுதான். வழியும் நீர், கழற்றி மாட்டும் துண்டுகளில் மேலதான மேல் ஜாயிண்டில் இருக்கிற ஆக்டேவ் துளை, ட்ரில் துளை போன்ற பொடித் துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு தடவை தடம் பிடித்துவிட்டால் வாய்க்கால் வெட்டிய மாதிரி, மறுபடியும் அதே வழியில்தான் வரும்.

இதற்கு மருந்து சிகரெட் தாள். பசை தடவிய ஓரத்தைக் கத்தரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் துளையை மூடும் குட்டி மெத்தையான பேடில் பசை ஒட்டும். முதலில் பேடைத் தூக்கி இறக்கும் விசையான கீயைத் திறந்து துளையின் குறுக்கே ஒரு ஊது. பிறகு தாளைப் பேடுக்கும் துளைக்கும் நடுவே வைத்து மெல்ல மூடி, இரண்டு விநாடி விட்டு, திறந்து எடுக்க வேண்டும். தாளின் காய்ந்த பக்கத்தை நகர்த்தி இன்னொரு தடவை. மூடி அழுத்தியபடியே சரக்கென்று இழுத்தால் பேட் கிழியும். ஜென்மத்தில் புகைபிடிக்காத மனிதர்கள் பெட்டிக்கடையில் நின்று ‘தாள் மட்டும் போதும், புகையிலை வேண்டாம்’ என்று சொல்லும்போது கடைக்காரர் பார்க்கும் பார்வைக்குத்தான் மருந்து கிடையாது.

வாசித்து முடித்ததும் பட்டுத்துணி விட்டுத் துடைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பக்கமாக விடுவது என்பதில்தான் விபத்து. ஓபோவின் உள்துளை கூம்பு. மேல்முனையில் சுமார் 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். துணியில் கட்டிய கயிற்றின் நுனியில் இருக்கும் எடைக்குண்டை ஜாயிண்டின் அகன்ற கீழ்முனையில் விட்டு, மேல்முனை வழியாக இழுக்க வேண்டும். துணியை உதறி, முடிச்சில்லை என்று பார்த்துவிட்டு இழுப்பவர் புத்திசாலி. பேசிக்கொண்டே இழுப்பவரின் துணி பாதியில் சிக்கும். சிக்கியதும் மனிதன் செய்கிற முதல் காரியம் இன்னும் பலமாக இழுப்பது. அது சுருக்குக் கயிறு. இழுக்க இழுக்க இறுகும். வாலில் இன்னொரு கயிறு உள்ள துணியாக வாங்கியிருந்தால் வந்த வழியே திருப்பி இழுத்துவிடலாம். இல்லையா, கையை எடுத்துவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் போகவும். ஸ்க்ரூடிரைவர், பின்னல் ஊசி எதையும் உள்ளே விட வேண்டாம். துளையில் விழும் கீறலுக்குத் துணி எவ்வளவோ தேவலை.

இத்தனை தண்ணீர்ப் பகை இருந்தும் கட்டைக்கு வறட்சியும் ஆகாது. ஓபோ பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் கிரெனடில்லா மரத்தில் செய்வது. இரும்பு போலக் கனக்கும், ஆனால் கோபக்காரக் கட்டை. குளிரில் வந்த கருவியில் உடனே ஊதினால் உள்பக்கம் சூடாகி விரியும், வெளிப்பக்கம் விரியாது; மேல் ஜாயிண்ட் பிளக்கும். அதனால் ஊதுமுன் மேல் ஜாயிண்டை அக்குளில் வைத்துச் சூடேற்றுகிறார்கள். பார்க்க ஜுரம் பார்க்கிற மாதிரி இருக்கும், பரவாயில்லை. புதுக் கருவியானால் முதல் சில வாரம் நாளொன்றுக்கு 15-20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஹீட்டர் போட்ட அறையில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் ஆரஞ்சுத் தோல் போடும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. மணமாக இருக்கும், மறந்துவிட்டால் பூஞ்சையும் பூக்கும்.

சீவாளி இருக்கிறதே, அது நேர் எதிர். தண்ணீர் இல்லாமல் வாயே திறக்காது. நாகசுவரச் சீவாளிக்குக் கெண்டை மாதிரி இதற்கு ஸ்டேப்பிள் என்ற குழல், பெரும்பாலும் 47 மில்லிமீட்டர் நீளம், கீழே கார்க். வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிடம் ஊறினால் போதும். கூட ஊறினால் வாய் பிளந்துகொண்டு நிற்கும், ஊதுபவர் கன்னம் வலித்தே ஓய்வார். ஊற வைக்கப் பழைய பிலிம் டப்பாதான் இன்றைக்கும் பலருக்குப் பாத்திரம். வாசித்ததும் காற்றோட்டமுள்ள சீவாளிப் பெட்டியில் காய வைக்க வேண்டும். இறுக மூடினால் பூசணம். இவ்வளவு சீராட்டினாலும் 10-15 மணி நேர வாசிப்பில் அதன் ஆயுள் தீரும். அதனால் ஓபோக்காரர்கள் வாசிக்கும் நேரத்தைவிட நாணலைச் சீவும் நேரம்தான் அதிகம். இதை அவர்களிடம் சொன்னால் மறுக்க மாட்டார்கள், கத்தியைத் தீட்டிக்கொண்டே தலையாட்டுவார்கள்.

கீழ்ச்சுரங்கள் பேச மறுத்தால் உடனே சீவாளியைப் பழிக்க வேண்டாம். எஃப் ஷார்ப் என்ற சுரத்தை ஊதிக்கொண்டே ஜி ஷார்ப் கீயை அழுத்திப் பாருங்கள். சுரம் மாறக் கூடாது. மாறினால் ஜி ஷார்ப் பேடை மூடிவைக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்கி மறுபடி பார்க்கவும். ஒரே மூச்சில் அரைச் சுற்று திருகினால் இந்தப் பேட் மூடும், அந்தப் பேட் திறக்கும். அப்புறம் அதைச் சரிசெய்ய இன்னொரு ஸ்க்ரூ, அதற்கு மற்றொன்று. திருகுவதற்கு முன் அது இருந்த நிலையைப் பென்சிலில் குறித்துக்கொள்ளாதவர் பழுது பார்ப்பவருக்குப் பொங்கல் போனஸ் கொடுக்கிறார் என்று அர்த்தம்.

இடைவேளை. எல்லோரும் காபிக்குப் போய்விட்டார்கள். ஓபோக்காரர் மட்டும் துளைக்குத் தாள் வைத்துக்கொண்டிருக்கிறார். சர்க்கரை போட்ட காபி குடித்துவிட்டு வாய் கொப்புளிக்காமல் ஊதினால் பேடெல்லாம் பிசுபிசுக்கும் என்பதால் அவருக்கு வெறும் தண்ணீர். அப்போது யாரோ தோளைத் தட்டி, “ஒரு சிகரெட் தாள் கிடைக்குமா?” என்கிறார். திரும்பிப் பார்த்தால் கிளாரினெட்காரர்.