ஆத்தோட இறங்குற பக்கம்

12 அக்டோபர் 2025, ஞாயிறு

இன்ஸ்டாகிராமில் படம் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. யார் போட்டாலும் ஒரே மாதிரி கட்டம், ஒரே மாதிரி இதயம். சொந்தமாக ஒரு தளம் கட்டப் போகிறேன். டெம்ப்ளேட் வேண்டாம். நோட்பேடில் பக்கத்தைக் கட்ட எச்டிஎம்எல், நிறமும் வடிவமும் கொடுக்க சிஎஸ்எஸ், அவ்வளவுதான். இடம் நியோசிட்டீஸில். 2009இல் யாஹூ ஜியோசிட்டீஸை இழுத்து மூடிய பிறகு, அந்தக் காலத்துக் கிறுக்குத்தனமான தளங்களுக்கு மறுபடி ஒரு மனை வேண்டும் என்று 2013இல் தொடங்கியது. காசில்லாமலே ஒரு ஜிபி தருகிறார்கள்.

என்ன வைக்க? தாமிரபரணிதான். உச்சியில் பாபநாசம், அடியில் புன்னைக்காயல், நடுவில் எல்லாமே ஒரே பக்கம். மெனு கிடையாது. ஸ்ரீவைகுண்டம் பார்க்க வேண்டுமென்றால் திருநெல்வேலியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

14 அக்டோபர், செவ்வாய்

ராத்திரி முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டு. வரி இடைவெளியை 1.8க்கு ஏற்றிய பிறகுதான் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் முட்டாமல் நின்றன. இரண்டு ஓரமும் நேராக இருக்கட்டும் என்று ஜஸ்டிஃபை கொடுத்தால் போன் திரையில் பார்க்கச் சகிக்கவில்லை. ‘அரியநாயகிபுரத்திலிருந்து’ என்று ஒரு வார்த்தையே பாதி வரியைப் பிடித்துக்கொள்கிறது, மிச்சம் வெறும் ஓட்டை. இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

18 அக்டோபர், சனி

ஆற்றில் எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். எச்டிஎம்எல்லில் எச்ஆர் என்று ஒரு டேக் உண்டு, குறுக்கே ஒரு கோடு போடும். எட்டு அணைக்கு எட்டு கோடு. யாரோ இதற்காகவே யோசித்துச் செய்த மாதிரி இருக்கிறது.

மைனிக்குப் பிறந்த ஊர் பாய்க்குப் பேர்போன பத்தமடை. கல்யாணப் பாயை எடுத்து விரித்தார்கள். ஓரத்தில் அவர்கள் பெயரும் அண்ணன் பெயரும் தேதியும் நெய்திருக்கிறது. “கால் வச்சிராதீங்க தம்பி” என்று முதலிலேயே எச்சரிக்கை. போனில் படம் பிடித்து, நிறத்தை உறிஞ்சி எடுத்து, ரிப்பீட்டிங் லீனியர் கிரேடியண்ட் என்ற சிஎஸ்எஸ் கட்டளையில் கோடு கோடாக அடுக்கினேன். சிவப்பு நாலு பிக்சல், கோரை நிறம் ரெண்டு, பச்சை ஒன்று. கன்னடியனுக்குக் கீழே திரை முழுக்கப் பாய் விரிகிறது. ஒரு படம்கூடச் சேர்க்கவில்லை, நாலே வரி.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை.

26 அக்டோபர், ஞாயிறு

வண்ணார்பேட்டைக்கு வந்தாச்சு. சுலோசன முதலியார் பாலம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த மனுசர், கைக்காசைப் போட்டுக் கட்டி 1843இல் திறந்தது. இன்றைக்கு யார் செய்வார்? பதினோரு பெட்டி வரைந்து, மேல்முனை இரண்டுக்கும் பார்டர் ரேடியஸ் கொடுத்தால் பதினோரு வளைவு.

அதற்குச் சற்று மேலேதான் குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில். இங்கே ஒரு செக்பாக்ஸ் வைத்தேன், ‘வெள்ளம்’ என்று. தட்டினால் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறி ஏறும், படி முங்கும், மண்டபம் முங்கும். ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை. செக்பாக்ஸ் டிக் ஆகியிருந்தால் அடுத்த பெட்டியின் உயரத்தைக் கூட்டு என்று சிஎஸ்எஸ்ஸே பார்த்துக்கொள்ளும். முதலில் நாலு செகண்டில் ஏறவிட்டேன், குழாயைத் திறந்த மாதிரி இருந்தது. இருபதாக்கினேன்.

ஆச்சியிடம் காட்டினேன். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவள். ஏறுகிற தண்ணீரைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, “சாமிய எடுத்தாச்சால?” என்றாள்.

நியாயமான கேள்வி. வெள்ளம் வந்தால் உற்சவரைக் கரையில் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதனால் இப்போது டிக் செய்ததும் ஒரு சின்ன மஞ்சள் பொட்டு முதலில் நகர்ந்து கரையேறும். தண்ணீருக்கு ஆறு செகண்ட் டிலே. டிக்கை எடுத்தால் தண்ணீர் வடிந்த பிறகுதான் பொட்டு திரும்பும். இந்த வரிசையைச் சரிக்கட்டவே சாயங்காலம் போய்விட்டது. தளம் மொத்தத்திலும் எனக்குப் பிடித்தது இந்தப் பொட்டுதான்.

27 அக்டோபர், திங்கள்

கடையில் அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

“இதுல என்னவே வருமானம்?”

“ஒன்னும் கிடையாது அண்ணாச்சி.”

“பெறவு எதுக்குவே இந்தச் சோலி?”

வெள்ளத்தைத் தட்டிக் காட்டினேன். பேசாமல் நாலைந்து தடவை தட்டினார். வாடிக்கையாளர் நிற்கிறார், அதைக் கவனிக்கவில்லை.

2 நவம்பர், ஞாயிறு

ஏற்றியாச்சு. கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழெழுத்துக்கு மூன்று பைட், கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக மூன்று. ‘நெல்லை’ என்று எழுதவே பதினெட்டு. ஆனாலும் மலையிலிருந்து கடல் வரைக்கும் மொத்த ஆறும் ஒரு போன் படத்தைவிட எடை குறைவு.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைப் பக்கத்தில் காட்டப் போவதில்லை. அண்ணாச்சி பார்த்துவிட்டார் என்பது மட்டும் நிச்சயம். மதியமே போன்.

“சீவலப்பேரி இருக்கு, மருதூர் இருக்கு, எங்க முறப்பநாடு எங்கவே?”

சிற்றாறு வந்து சேர்கிற இடத்துக்குக் கீழே இடம் ஒதுக்க வேண்டும். அங்கே என்ன நிறம் என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். மச்சானிடம் விசாரித்துவிட்டுச் சொல்கிறாராம்.